வலைப்பந்து ஆடும் மகள் சோற்றை ஒதுக்குகிறாள்: நான் எதைக் கவனிக்க வேண்டும், எதைச் சொல்லாமல் இருக்க வேண்டும்?

ஈசூன் அம்மா

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 15 வயது. உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். பள்ளி வலைப்பந்துக் குழுவில் இருக்கிறாள். வாரத்தில் மூன்று நாள் பள்ளியில் பயிற்சி, சனிக்கிழமை காலையில் வெளியே ஒரு மன்றத்தில் இன்னொரு பயிற்சி. இவை போதாதென்று, கடந்த மூன்று மாதமாக இரவு எட்டு மணிக்கு மேல் எங்கள் புளோக்குக்குக் கீழே தனியாக ஓடவும் செய்கிறாள். ஓடுவது நல்லதுதானே என்று நானும் முதலில் பெருமையாகத்தான் இருந்தேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோசை வார்த்துக் கொடுத்தேன். குப்பைத்தொட்டியில் எண்ணெய் ஊறிய இரண்டு டிஷ்யூ தாள்கள் கிடந்ததைப் பிறகுதான் பார்த்தேன். தோசையை அவற்றின் நடுவே வைத்து அழுத்தி எண்ணெயை ஒற்றி எடுத்துவிட்டு, முறுகலான ஓரத்தை மட்டும் கிள்ளித் தின்றிருக்கிறாள். நடுப்பகுதி தட்டில் அப்படியே மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதற்குப் பிறகு கவனிக்கத் தொடங்கினேன். மதியத்துக்குக் கட்டிக் கொடுக்கும் சோற்று டப்பாவின் எடை மாலையிலும் குறைவதில்லை. கேட்டால், "தோழிகளோடு உணவகத்தில் சாப்பிட்டுவிட்டேன்" என்கிறாள். குளியலறை அலமாரியில் இருக்கும் மாதவிடாய் அணையாடைப் பொட்டலம் இரண்டரை மாதமாகப் பிரிக்கப்படவில்லை.

தீபாவளிக்கு உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது, பெரியவர் ஒருவர் அவளுடைய தொடையைப் பற்றி எல்லார் முன்னிலையிலும் ஏதோ சொல்லிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன் என்பதை இங்கே எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. என் கணவருக்கு ஆறு ஆண்டுகளாக நீரிழிவு. எங்கள் வீட்டில் பழுப்பரிசிச் சோறு, அதுவும் ஒரு சின்னக் கிண்ணம். மீதித் தட்டு முழுக்கக் காய்கறி. "இவ்வளவுதான் சாப்பிடுவாயா?" என்று கேட்டதற்கு, "அப்பாவின் அளவுதானே நானும் சாப்பிடுகிறேன், அதுதானே ஆரோக்கியமான சாப்பாடு என்று நீங்களே சொல்வீர்கள்?" என்று திருப்பிக் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

பள்ளிச் சுகாதாரப் பரிசோதனையில் அவளுடைய உயரமும் எடையும் சரியான வரம்புக்குள்தான் இருந்தன. குழுவில் உள்ள மற்ற பெண்களுக்கும் மாதவிடாய் தள்ளிப் போவதுண்டு, விளையாடுகிறவர்களுக்கு அது சகஜம் என்கிறாள். உண்மையிலேயே சகஜம்தானா? நான் மருத்துவரிடம் போக வேண்டுமா, அல்லது விட்டுப் பிடிக்க வேண்டுமா? அதைவிட முக்கியமாக, அவளிடம் இதை எப்படிப் பேசுவது?

பழைய 1500 மீட்டர்

சகோதரி, சகஜம் என்று சொல்லிக்கொள்வது சகஜம்தான். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பள்ளி நாள்களில் நான் நடுத்தூர ஓட்டக்காரி. 16 வயதில் மாதவிடாய் நின்றது. ஏறத்தாழ ஒரு வருடம் வரவில்லை. எங்கள் குழுவில் யாரும் அதைக் கவலைக்குரிய செய்தியாகப் பேசவில்லை. போட்டி நாளில் தொல்லை இல்லை என்று நாங்கள் ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்டோம் என்றால் நம்புவீர்களா? கடுமையாகப் பயிற்சி செய்கிறோம் என்பதற்கு அதை ஒரு சான்றிதழ் போலவே நினைத்தோம். முதல் ஐந்து மாதம் என் நேரமும் குறைந்துகொண்டே வந்தது. உடல் இலேசானதால் வேகம் கூடியது என்று எல்லாரும் பாராட்டினார்கள். அந்த ஐந்து மாதம்தான் என்னை மிகவும் ஏமாற்றியது. ஆறாவது மாதத்திலிருந்து எவ்வளவு பயிற்சி செய்தாலும் நேரம் நகரவில்லை. எட்டாவது மாதத்தில் காலின் முன்னெலும்பில் ஒரு வலி வந்தது. இரும்புக் கம்பியில் ஈரத் துணியைச் சுற்றி முறுக்குவது போன்ற வலி. விழவில்லை, யாரும் இடிக்கவில்லை. எலும்பில் மயிரிழை அளவுக்கு விரிசல். 17 வயதில் எனக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்த மருத்துவர், அறிக்கையை என் அம்மாவின் பக்கமாகத் திருப்பி வைத்துப் பேசினார், என்னைப் பார்க்கவில்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்தது என்று பல ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன். 2019ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க ஓட்ட வீராங்கனை மேரி கெயின், எடையைக் குறைக்கச் சொல்லித் தனக்கு வந்த நெருக்குதலையும், அந்தக் காலத்தில் மூன்று ஆண்டுகள் மாதவிடாய் வராமல் ஐந்து எலும்புகள் முறிந்ததையும் வெளிப்படையாகச் சொன்னார். அதைப் படித்த இரவு என் பழைய குழுத் தோழிகள் நால்வர் எனக்கு எழுதினார்கள். நால்வருக்கும் ஏறக்குறைய அதே கதை.

எப்படிப் பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். சாப்பாட்டில் தொடங்காதீர்கள். சாப்பாட்டு மேசையில் தொடங்கவே தொடங்காதீர்கள். மகளுக்கு எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக் கேட்டால் விசாரணை போல இருக்கும்; எம்ஆர்டி ரயிலிலோ நடந்து போகும்போதோ பக்கத்தில் இருந்து கேட்டால் அவள் பதில் சொல்ல வாய்ப்பு அதிகம். என் அம்மா எடையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மத்தியான வெயிலில் நான் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "உனக்கு எப்போதும் குளிருதா?" என்று மட்டும்தான் கேட்டார். சிங்கப்பூரில் குளிரூட்டி இல்லாத அறையில் குளிர்கிறது என்று சொல்ல எனக்கே விநோதமாக இருந்தது. அழுதுவிட்டேன். மற்றவை பிறகு தானாக வந்தன.

சிராங்கூன் வாசகர்

எல்லாரும் கொஞ்சம் மிகைப்படுத்துகிறீர்களோ என்று தோன்றுகிறது. இன்றைய பிள்ளைகள் குமிழித் தேநீரும் பொரித்த கோழியுமாகத் திரிகிறார்கள் என்றுதான் பெற்றோர் புலம்புகிறார்கள். இந்த மகள் எண்ணெயைக் குறைத்து, காய்கறி சாப்பிட்டு, ஓடுகிறாள். நம் இந்தியச் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும், அப்பாவுக்கே இருக்கிறது. இளமையிலேயே சோற்றைக் குறைப்பது நாளைக்கு அவளுக்கு நல்லதுதானே? மாதவிடாய் அந்த வயதில் முன்பின்னாக வருவது எங்கள் காலத்திலும் இருந்தது. கட்டொழுங்கை நோயாகப் பார்க்க வேண்டாம் என்பதே என் கருத்து.

உணவியல் ஊழியர்

நான் பதிவு பெற்ற உணவியல் நிபுணராகப் பணியாற்றுகிறேன்; விளையாடும் பதின்ம வயதினரைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். ஈசூன் அம்மா அவர்களின் மகளை நான் நேரில் பார்த்ததில்லை என்பதால், இங்கே எழுதுவது பொதுவான விளக்கம்தான். மருத்துவ முடிவு மருத்துவருடையது.

சிராங்கூன் வாசகர் கேட்டது நியாயமான கேள்வி. சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்த 2016ஆம் ஆண்டிலிருந்து வெள்ளைச் சோற்றைப் பற்றிய எச்சரிக்கை நம் வீடுகளுக்குள் நன்றாகவே நுழைந்துவிட்டது. அது நுழைய வேண்டிய செய்திதான். ஆனால் என் அனுபவத்தில், அந்தச் செய்தியை யார் கேட்க வேண்டுமோ அவர்கள் காதில் அது பாதிதான் விழுகிறது. யாருக்கு அது தேவையே இல்லையோ, அந்த 15 வயதுக் கெட்டிக்காரப் பிள்ளை அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கிறாள். சுகாதார மேம்பாட்டு வாரியம் 2014இல் அறிமுகப்படுத்திய ஆரோக்கியத் தட்டில் பாதி காய்கறி பழம், கால் பங்கு முழுதானியம், கால் பங்கு புரதம். நாள் முழுவதும் உட்கார்ந்து வேலை செய்யும், இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்த வேண்டிய தகப்பனாருக்கு அது மிகப் பொருத்தமான தட்டு. இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும், வாரத்தில் நான்கு நாள் பயிற்சி செய்து அதற்கு மேலும் ஓடும் பெண்ணுக்கு அந்தக் கால் பங்கு போதாது. கடுமையான பயிற்சி நாள்களில் விளையாட்டாளர்களுக்கு நாங்கள் பரிந்துரைக்கும் தட்டில் சோறு, சப்பாத்தி, நூடல்ஸ் போன்றவை ஏறக்குறையப் பாதி இடத்தைப் பிடிக்கும். காய்கறிக்குக் கால் பங்குதான். வலைப்பந்தில் நின்று, பாய்ந்து, மறுபடி நின்று பாய்வதற்கான எரிபொருள் மாவுச்சத்திலிருந்துதான் தசையில் சேமிக்கப்படுகிறது. ஆகவே, மகள் கேட்ட கேள்விக்கு உங்களிடம் உண்மையான பதில் இருக்கிறது: "அப்பாவின் தட்டு அப்பாவின் உடம்புக்கு ஆரோக்கியமானது, உன் உடம்பு வேறு வேலை செய்கிறது, அதனால் உன் தட்டு வேறு." அவள் முட்டாள்தனமாக எதையும் செய்யவில்லை. நாம் சொன்னதைத்தான் செய்திருக்கிறாள். பேச்சை அங்கிருந்து தொடங்கினால், குற்றம் சாட்டும் தொனி வராது.

இனி மாதவிடாய். சம்பளம் குறைந்த வீட்டில் என்ன நடக்கும்? வாடகையையும் மின்கட்டணத்தையும் கட்டிவிடுவோம். உடனே தேவைப்படாத செலவுகளைத் தள்ளிப் போடுவோம். உடலும் அப்படியே. பயிற்சிக்குச் செலவானது போக மிஞ்சும் ஆற்றல் போதவில்லை என்றால், மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் கருமுட்டைப் பைக்கு அனுப்பும் சமிக்ஞையைக் குறைத்துவிடும், ஈஸ்ட்ரோஜன் குறையும், மாதவிடாய் நிற்கும். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு கட்டப்படுவதும் பாதிக்கப்படும். ஒரு பெண் தன் வாழ்நாளில் சேர்க்கப்போகும் உச்ச எலும்புத் திரளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை 18 வயதுக்குள் சேர்த்துவிடுகிறாள். இந்த வயதில் தவறவிட்டதைப் பின்னர் முழுமையாகப் பிடிப்பது கடினம். பழைய 1500 மீட்டர் அவர்களின் எலும்பு விரிசல் இந்த வழியாகத்தான் வந்திருக்கும்.

இதை 1990களில் பெண் விளையாட்டாளர்களின் மும்மைச் சிக்கல் என்று அழைத்தார்கள்: போதாத உணவு, நின்ற மாதவிடாய், வலுவிழந்த எலும்பு. 2014இல் அனைத்துலக ஒலிம்பிக் குழு அதை விரித்து, விளையாட்டில் ஒப்பீட்டு ஆற்றல் குறைபாடு, சுருக்கமாக ரெட்-எஸ், என்ற பெயரைக் கொடுத்தது. இதயம், நோய் எதிர்ப்புத் திறன், மனநிலை, பயிற்சியின் பலன் ஆகிய அனைத்தையும் அது பாதிக்கிறது, ஆண்களுக்கும் வருகிறது என்பதால். நெடுந்தூர ஓட்டம், சீருடற்பயிற்சி, நடனம் ஆகியவற்றில் இருப்பவர்களிடம் அதிகம் பார்க்கிறோம். அரங்கேற்றத்துக்குத் தயாராகும் பரதநாட்டிய மாணவிகளும் விதிவிலக்கல்லர். நீங்கள் கவனிக்க வேண்டிய மிக முக்கியமான செய்தி இதுதான்: எடை சரியான வரம்பில் இருக்கும்போதே இது நடக்கலாம். வரவு குறைந்ததும் உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்வதால் தராசு முள் பெரிதாக நகராமல் இருக்கக்கூடும். பள்ளிப் பரிசோதனையில் எண் சரியாக இருந்தது என்பதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம்.

வழக்கமாக வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 15 வயதாகியும் பூப்படையாத பெண்ணுக்கும் அப்படியே. உங்கள் மகள் உணவையும் குறைத்திருப்பதால், மூன்று மாதம் முடியட்டும் என்று நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். தைராய்டு, கருமுட்டைப் பை நீர்க்கட்டிகள் போன்ற வேறு காரணங்களும் உண்டு. அவற்றைப் பரிசோதனைதான் பிரித்துக் காட்டும். பலதுறை மருந்தகத்தில் தொடங்கினால், தேவைப்பட்டால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் பதின்ம வயதினருக்கான பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார்கள். மயங்கி விழுதல், நெஞ்சுப் படபடப்பு, சாப்பிட்டபின் வாந்தி எடுத்தல், தண்ணீரையும் மறுத்தல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, கலோரி எண் எதையும் நான் இங்கே வேண்டுமென்றே எழுதவில்லை. எண் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு இன்னோர் எண்ணைக் கொடுப்பது உதவாது. நேரத்தைத்தான் பார்க்கச் சொல்வேன். காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றோடு கிளம்பி, இடைவேளையில் ஒரு பாக்கெட் சோயா பாலைக் குடித்துவிட்டு, மாலை ஆறு மணிவரை விளையாடும் பிள்ளைகள் எத்தனையோ பேர். பயிற்சிக்கு ஒரு மணி நேரத்துக்கு முன் ஒரு வாழைப்பழமோ இட்லியோ, முடிந்த கையோடு பாலும் ஒரு ரொட்டியும், அதன்பின் வழக்கமான இரவுச் சாப்பாடு என்று இடைவெளிகளை அடைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். சுண்ணாம்புச் சத்துக்கு இந்த வயதில் நாளுக்கு 1000 மில்லிகிராம் தேவை. ஒரு குவளைப் பாலில் சுமார் 300 கிடைக்கும். தயிர், கேழ்வரகு, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் கைகொடுக்கும். நாசி லெமாக்கில் ஓரமாகக் கிடக்கும் நெத்திலியை எந்தப் பிள்ளையும் ஒதுக்குவதில்லை என்பது நமக்குச் சாதகம். இரும்புச் சத்தில் ஒரு தடை நம் வீட்டுத் தேநீர். சாப்பாட்டோடு குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்வதைக் குறைக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். சாப்பாட்டோடு கொய்யாத் துண்டோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் பலன் கூடும்.

சிராங்கூன் வாசகருக்கு ஒரு வரி: பூப்படைந்த முதல் ஓரிரு ஆண்டுகளில் மாதவிடாய் முன்பின்னாக வருவது உண்டு. ஒழுங்காக வந்துகொண்டிருந்தது நிற்பது வேறு.

முன்னாள் டாஃப் உறுப்பினர்

உணவியல் ஊழியர் எழுதியதைப் படித்தபோது எனக்கு வேறு ஒரு நினைவு வந்தது. இங்கே எத்தனை பேருக்கு டாஃப் ஞாபகம் இருக்கிறது? 1992இல் தொடங்கி 2007இல் கைவிடப்பட்ட அந்தப் பள்ளித் திட்டத்தில், எடை கூடுதலாக உள்ள மாணவர்களைத் தனியாகப் பிரித்து உடற்பயிற்சி செய்ய வைப்பார்கள். மற்றவர்கள் இடைவேளையில் மீஹூன் சாப்பிட்டுக்கொண்டிருக்க, நாங்கள் திடலைச் சுற்றி ஓடுவோம். அந்தச் சுருக்கப் பெயரின் ஆங்கில எழுத்துகளை (TAF) திருப்பிப் போட்டால் "குண்டு" என்று பொருள் வரும் சொல் கிடைக்கும் என்பதைக் கண்டுபிடிக்க எந்தப் பிள்ளைக்கும் ஐந்து நிமிடம் ஆகவில்லை.

நான் அதில் மூன்று ஆண்டுகள் இருந்தேன். எடை குறைந்தது, "தேறிவிட்டாள்" என்று பட்டியலிலிருந்து பெயரை நீக்கினார்கள். அந்த எடையைக் குறைக்க நான் இடைவேளைப் பணத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு மாலைவரை தண்ணீர் மட்டும் குடித்தேன் என்பது யாருக்கும் தெரியாது. கேட்கவும் இல்லை. எண் இறங்கினால் வெற்றி என்பதுதான் கணக்கு.

இப்போது எனக்கு 41 வயது, 13 வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்கு நான் எந்தக் கெடுதலும் சொன்னதில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சேலை கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று, இடுப்பைப் பிடித்துப் பார்த்து, "சீ, என்ன இது" என்று என்னை நானே சொல்லிக்கொண்டேன். மறுவாரம் அவள் தன் பாவாடையை மாட்டிக்கொண்டு அதே இடத்தில், அதே போல் பிடித்துப் பார்த்தாள். வார்த்தையும் அதேதான். அவளிடம் எதுவும் சொல்லாமலேயே சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது. வீட்டில் எடை பார்க்கும் கருவி ஒன்று இருந்தது; அதைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். என் கணவர் இரண்டு முறை தேடினார்; எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

உறவினர் பேச்சுக்கு நீங்கள் சிரித்ததாக எழுதியிருந்தீர்கள். அந்த ஒன்றுக்கு மட்டும் மகளிடம் மன்னிப்புக் கேளுங்கள். நீளமாக வேண்டாம். "அன்றைக்கு நான் சிரித்திருக்கக் கூடாது" என்று ஒரே வாக்கியம் போதும். நான் என் அம்மாவிடமிருந்து இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் வாக்கியம் அது.

இரு பெண்களின் தகப்பன்

ஆண்கள் இதில் பேசலாமா என்ற தயக்கத்தோடு எழுதுகிறேன். என் மூத்தவள் பயிற்சிக்குப் போக மாட்டேன் என்று அழுத காரணம் எங்களுக்கு இரண்டு மாதம் தெரியவில்லை. கடைசியில் பார்த்தால் சீருடை. சென்ற ஆண்டு அளவெடுத்தது, இடையில் வளர்ந்துவிட்டாள், பெரிய அளவு கேட்க வெட்கப்பட்டு, உடலைச் சீருடைக்குள் அடக்கப் பார்த்திருக்கிறாள். பொறுப்பாசிரியரிடம் கேட்டேன், அடுத்த வாரமே பெரிய அளவு வந்தது, உள்ளே நீளக் காற்சட்டை அணியவும் அனுமதி கிடைத்தது. ஐரோப்பியப் போட்டியில் நோர்வே நாட்டுக் கடற்கரை ஹேண்ட்பால் வீராங்கனைகள் குட்டை உடைக்குப் பதில் காற்சட்டை அணிந்ததற்கு 2021இல் 1500 யூரோ அபராதம் விதித்தார்கள். அவ்வாண்டே விதியை மாற்றவும் நேர்ந்தது. அவர்களுக்கே அப்படி என்றால், 14 வயதுப் பிள்ளை வாய்திறந்து கேட்பாளா? ஈசூன் அம்மா, மகளின் சீருடை அவளுக்கு இப்போது சரியாக இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

இன்னொன்று. 2023இல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் சாந்தி பெரேரா 200 மீட்டரில் தங்கம் வென்றபோது நாங்கள் குடும்பமாக உட்கார்ந்து பார்த்தோம். திடல்தடத்தில் சிங்கப்பூருக்கு 49 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த ஆசிய விளையாட்டுத் தங்கம். எல்லாரும் கைதட்டிக்கொண்டிருக்க, இளையவள், "அப்பா, அவங்க தொடையைப் பாருங்க, எவ்வளவு பலம்!" என்றாள். தொடை என்ற சொல்லை என் வீட்டில் பெருமையாகக் கேட்டது அன்றுதான் முதல் முறை.

ஜேசி மாணவி

எனக்கு 17 வயது. தொடக்கக் கல்லூரியில் படிக்கிறேன். பெரியவர்கள் பேசும் இடத்தில் நுழைந்ததற்கு மன்னிக்கவும். நானும் இதைக் கடந்து வந்தவள் என்பதால் மூன்று விஷயம் மட்டும் சொல்கிறேன். சாப்பிட்டு முடித்ததும் "பரவாயில்லையே, இன்று நன்றாகச் சாப்பிட்டாய்" என்று பாராட்டாதீர்கள். அதைக் கேட்டவுடன் அதிகமாகச் சாப்பிட்டுவிட்டோம் என்றுதான் தோன்றும். கைப்பேசியைப் பிடுங்காதீர்கள், அதில் என்ன பார்க்கிறாள் என்று அவளையே காட்டச் சொல்லுங்கள், நான் அம்மாவிடம் காட்டியபோது எனக்கே அபத்தமாகப் பட்டது. இரவு ஓட்டத்தைத் தடை செய்தால் படிக்கட்டில் ஏறி இறங்குவாள். நான் ஏறினேன். 14 மாடி. கூடவே நடக்க வருகிறேன் என்று அம்மா வந்த பிறகுதான் ஓட்டம் நடையாகி, நடை பேச்சாகியது.

ஈசூன் அம்மா

நேரம் ஒதுக்கி எழுதிய அனைவருக்கும் நன்றி. ஐந்து நாளாக ஒவ்வொன்றையும் பலமுறை படித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை இரவு அவள் காலணி மாட்டும்போது நானும் செருப்பை மாட்டிக்கொண்டேன். என்னைப் பார்த்து முறைத்தாள். முதல் சுற்றில் எதுவும் பேசவில்லை. இரண்டாம் சுற்றில், தீபாவளி அன்று நான் சிரித்திருக்கக் கூடாது என்றேன். "எது?" என்று கேட்டாள். அவளுக்கு எது என்று தெரியும். நான் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தாள். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் தனக்குக் கால் நடுங்குவதாகவும், பயிற்றுநர் அதற்காகத் தன்னை வெளியே உட்கார வைத்துவிடுவாரோ என்று பயமாக இருப்பதாகவும் அவளே சொன்னாள். எடை, சாப்பாடு என்ற சொற்கள் வராமலேயே பேச்சு அங்கே வந்து சேர்ந்தது. "அப்பாவின் தட்டு வேறு, உன் தட்டு வேறு" என்பதை அப்போது சொன்னேன். அவள் நம்பவில்லை. மருத்துவர் சொன்னால் நம்புவேன் என்றாள். அதுவே போதும் என்று வியாழக்கிழமைக்குப் பலதுறை மருந்தகத்தில் முன்பதிவு செய்திருக்கிறேன்.

என் கணவரிடமும் பேசினேன். மகள் தன்னைப் பார்த்துத்தான் சோற்றைக் குறைத்தாள் என்றதும் வெகு நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். மறுநாள் சாப்பாட்டு மேசையில் தன் கிண்ணத்தைக் காட்டி, "இது மருந்து, எனக்கு எழுதிக் கொடுத்தது. என் மருந்தை நீ சாப்பிடுவாயா?" என்று கேட்டார். நான் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

சீருடையையும் பார்த்தோம், அக்குளில் இறுக்கிப் பிடிக்கிறது. அண்ணா சொன்னபடி பொறுப்பாசிரியருக்கு எழுதிவிட்டேன்.

இன்று காலை பயிற்சிப் பையில் இரண்டு கேழ்வரகு அடை வைத்தேன், எதுவும் சொல்லாமல். மாலையில் டப்பாவைத் திறந்தபோது ஒன்று இருந்தது. இன்னொன்று யார் வயிற்றுக்குப் போனது என்று நான் கேட்கவில்லை.